கடப்பாரை எழுத்து

கம்பெனி வாசலில் கேட்காரர் விறைப்பாக நிமிர்ந்து ஒரு சலாம் வைத்தார். பூட்டுக்காரருக்கு இல்லை. அவருக்குப் பின்னால் துணிப்பையோடு வந்த கொழுந்தியாளுக்கு.

"வாங்க முதலாளியம்மா" என்றார்.

கொழுந்தியாள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு தண்ணீர் லாரிதான் நின்றது. "அத்தான், இந்த பம்ப் கம்பெனியை என் பேர்ல எப்ப எழுதினீங்க? அக்காவுக்குத் தெரியுமா?"

பூட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று சொல்வார்கள். அது பொய். பூட்டு திறக்கிற நேரத்தில் சிரிப்பார். இந்தக் கேட்காரர் இன்று காலையில்தான் அவர் வீட்டுக்கு வந்து, மூக்குக்கு மூக்கு நின்று, அழாத குறையாகப் பேசிவிட்டுப் போனார். இப்போது பதினைந்து அடியில் ஆள் தெரியவில்லை. கண் போய்விட்டது, அதை மறைக்கிறான் என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். எதையாவது மறைக்கிற ஆளை அவர் நம்புவதில்லை. எதையும் மறைக்காத ஆளை அதைவிட நம்புவதில்லை.

நாற்பது வருஷம் பூட்டுத் திறந்து பிழைத்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டதோ அவர் அதை விட்டாரோ, இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை. முன்னே ஜனங்கள் பூட்டைத் திறந்து கொடு என்று வந்தார்கள். இப்போது எவன் திறந்தான் என்று கேட்டு வருகிறார்கள். படிக்கிற வேலை, எழுதுகிற வேலை, வழியெல்லாம் வாயாடுகிற வேலை, மூன்றும் கொழுந்தியாளுடையது. அவள் தையல்காரி. கழுத்தில் இன்ச் டேப் கிடக்கும். தூங்கும்போதும் கழற்ற மாட்டாள் என்று அவள் அக்கா சொல்வாள்.

விஷயம் இதுதான். கம்பெனியில் புது பம்புக்கு ஒரு மர அச்சு செய்து வைத்திருந்தார்கள். அதை மணலில் அமுக்கிக் குழி எடுத்து, குழியில் இரும்பை ஊற்றினால் பம்ப். அச்சு எவன் கையில் இருக்கிறதோ, பம்ப் அவனுடையது. நேற்று மத்தியானம் அந்த அச்சு ஒரு மரப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, வாடகை வண்டியில் சவாரி செய்து, வாசல் வழியாகவே போய்விட்டது. வண்டிக்காரன் யாரென்று தெரியவில்லை. பெட்டி மட்டும் இன்று காலை இரண்டு தெரு தள்ளிக் குப்பைமேட்டில் காலியாகக் கிடந்தது.

வாசலில் ஏன் நிறுத்தவில்லை என்றால், பெட்டியின் மூடியில் 'பட்டறை' என்று அடித்திருந்தது. வெளிப்பட்டறைக்குப் போகிற பெட்டி என்று அர்த்தம். அடித்திருந்தது கம்பெனியின் சொந்த எழுத்தில்.

அந்த எழுத்துக்குப் பேர் கடப்பாரை. இரண்டு வருஷம் முன்னால் முதலாளியம்மா ஆள் வைத்து வரைய வைத்தது. தகரத்தில் எழுத்தை ஓட்டையாக வெட்டி, பெட்டிமேல் வைத்து, கறுப்புப் பெயிண்டை ஊதுவார்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு தடியன். மூலையெல்லாம் நட்டுத் தலை மாதிரி வெட்டுப்பட்டிருக்கும். 'ற'வின் வளைவுகூட, இரும்புக் கம்பியைப் பிடித்துவைத்து வளைத்த மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும். பெட்டியில், கிரேனில், சங்கு ஊதுகிற கோபுரத்தில் எல்லாம் அதுதான். 'ஓரமாக நட' என்று அந்த எழுத்தில் ஒரு பலகை வைத்தார்கள். அன்றிலிருந்து நடு ரோட்டில் நாய்கூடப் படுப்பதில்லை.

எழுத்தின் மேல் அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. கடப்பாரை அடித்த பெட்டியை வாசலில் திறந்து பார்க்க வேண்டாம் என்று உத்தரவே போட்டாள். ஏனென்றால் எழுத்துத் தகடுகள் இருப்பது ஒரே பீரோவில். சாவி ஒன்று. அது இருப்பது எழுத்தை வரைந்தவளிடம், எழுத்துக்காரி என்று எல்லாரும் கூப்பிடுகிறவளிடம். எழுத்துக்காரி யார் என்றால், கேட்காரரின் மருமகள்.

மருமகள் எழுத்தை அடித்தாள், மாமனார் கேட்டைத் திறந்தார். போலீசுக்கு இதற்குமேல் கதை தேவையில்லை. ஐந்து மணிச் சங்கு ஊதியதும் இரண்டு பேர் மேலும் புகார், வேலையும் காலி, எல்லாப் பெட்டிக்கும் வெள்ளை அடித்து எழுத்தையே அழித்துவிடுவது என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். இப்போது மணி மூன்று.

பெட்டியை விட்டது நீதானே என்று பூட்டுக்காரர் கேட்டார். நான்தான் என்றார் கேட்காரர். எழுத்து கம்பெனி எழுத்துதானா என்றதற்குக் கொஞ்சம் தயங்கினார்.

"கடப்பாரைதாங்க. ஆனா எப்பவும் நின்னுக்கிட்டு இருக்கும். நேத்து குந்தின மாதிரி இருந்துச்சு. வெயில்ல அப்படித் தெரியுதோன்னு விட்டுட்டேன்."

"பாவம், அதுக்கும் கால் வலி" என்றாள் கொழுந்தியாள்.

எழுத்து அறை கம்பெனிக்குப் பின்புறம், பெயிண்ட் வாடையும் தகர வாடையுமாக இருந்தது. எழுத்துக்காரிக்கு முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அழுது முடித்த முகம் இல்லை, அழ மறுத்த முகம். பூட்டுக்காரர் அவளைத் தாண்டி நடந்தார். நேரே போய் பீரோவுக்கு முன்னால் மண்டிபோட்டு, பூட்டைத் தடவி, மோந்து, உள்ளே ஒரு கம்பியை விட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

இந்தப் பூட்டு அதன் சாவியைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை என்று சொல்லி எழுந்தார். கீறல் இல்லை, மெழுகு இல்லை, மாற்றுச் சாவி போட்ட தேய்மானம் இல்லை.

"கேட்டுக்கம்மா" என்றாள் கொழுந்தியாள். "உன்னைக் காப்பாத்த வந்திருக்கோம். இதுவரைக்கும் உனக்கு எதிரா ஒரு சாட்சி கண்டுபிடிச்சிருக்கோம்."

எழுத்துக்காரிக்கு அந்த நிலையிலும் உதடு லேசாக அசைந்தது. பெட்டி மூடியை அவள் கண்ணில் காட்டவே இல்லையாம். எதையாவது அழித்துவிடுவாள் என்று அம்மா தன் அறையிலேயே வைத்திருக்கிறாளாம். ஏன் இவ்வளவு தடியாக வரைந்தாய், ஊரில் வேறு எழுத்து இல்லையா என்று பூட்டுக்காரர் கேட்டார். சும்மாதான் கேட்டார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வெளிய சொல்லாதீங்கய்யா. மாமாவுக்கு மூணு வருஷமாக் கண்ணு சரியில்ல. தெரிஞ்சா வேலை போயிடும். கேட்டு ரூம்லேர்ந்து பெட்டிக்கு இருபது அடி. அந்த இருபது அடியில அவர் கண்ணுக்கு எது தெரியுதோ, அதை வச்சுத்தான் கோடு போட்டேன். தினம் ஒரு எழுத்தை அட்டையில வெட்டி வீட்டுச் சுவத்துல மாட்டுவேன். இது என்ன மாமான்னு கேப்பேன். தப்பாச் சொன்னா இன்னும் தடியாக்குவேன்."

பூட்டுக்காரர் கம்பியைப் பையில் போட்டுக்கொண்டார். கதை நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிற கதையில்தான் ஓட்டை இருக்கும் என்று நினைத்தபடி வெளியே நடந்தார்.

முதலாளியம்மா உயரத்திலும் பருமனிலும் கொழுந்தியாளுக்கு அக்கா மாதிரி இருந்தாள். வாயில் மட்டும் சிக்கனம். மேஜைமேல் கிடந்த பெட்டி மூடிப் பலகையைக் காட்டி, பாருங்க என்றாள், அவ்வளவுதான். பூட்டுக்காரர் குனிந்து பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு பூட்டு. அவசரப்படாமல் சுற்றி வந்து, தலைகீழாகவும் பார்த்தார். மூலை வெட்டு சரி. வளைவு சரி. கறுப்பும் அதே கறுப்பு.

அப்போது கதவைத் தட்டிவிட்டு மில்லிமீட்டர் வந்தார்.

அவர் கம்பெனியின் தரப் பரிசோதனைக்காரர். பெற்றவர்கள் வைத்த பேர் இருபத்திரண்டு வருஷ வேலையில் தேய்ந்து போய்விட்டது. சட்டைப் பையில் வெர்னியர், அதாவது மயிரிழைக்கு அளவு சொல்கிற இரும்புக் கொக்கி. அவர் கையெழுத்து விழாமல் ஒரு திருகாணிகூட வெளியே போகாது. நாளைக்கு வார்ப்பு நடக்குமா நடக்காதா என்று கேட்க வந்தாராம். மேஜையில் டீ வந்திருந்தது. அவர் கிளாஸை எடுத்தார், வெர்னியரால் அதன் வாயைப் பிடித்தார். போன மாசத்துக் கிளாஸைவிட அரை மில்லி சின்னது, டீக்கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று வருத்தப்பட்டார். பூட்டுக்காரரின் பித்தளைச் சாவிக்கொத்தைக்கூட விடவில்லை. வாங்கி இரண்டு சாவியை அளந்துவிட்டுக் கொடுத்தார்.

எழுத்துக்காரியைப் பற்றிக் கேட்டதற்கு நல்ல பிள்ளைதான் என்றார். கைத்திறமை உண்டு. ஆனால் எல்லாம் கண்ணால் பார்த்துச் செய்கிறவள், அங்கேதான் கோளாறு.

"கண்ணு ஒரு அளவுகோல் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூட்டுக்காரர் அவர் போன கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். டீ கிளாஸை அளந்தார், சாவியை அளந்தார். கம்பெனி முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிற பலகை மூன்றடியில் கிடந்தது, அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அத்தான்" என்றாள் கொழுந்தியாள். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு பலகைக்கு எதிரே நின்றாள், வாடிக்கைக்காரியைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பார்க்கிற மாதிரி. "இது குண்டா இருக்கு."

"கடப்பாரைன்னா ஒல்லியாவா இருக்கும்?"

"அது இல்ல. நெட்டுக்கோடு போட்ட துணியில ரவிக்கை தச்சா ஒண்ணும் தெரியாது. அதே துணியைக் குறுக்க வச்சுத் தச்சுப் பாருங்க, நல்லா இருக்கிற பொம்பளையும் உருண்டையாத் தெரிவா. என்கிட்ட சண்டைக்கு வருவா. இந்த எழுத்தும் அப்படி இருக்கு."

குந்தின மாதிரி இருந்தது என்று கேட்காரர் சொன்னது பூட்டுக்காரருக்கு அப்போதுதான் உள்ளே இறங்கியது. "டேப்பை எடு" என்றார்.

'ட'வில் வேலை சுலபம். ஒரு கோடு நிற்கிறது, ஒரு கோடு படுத்திருக்கிறது, வேறு எதுவும் இல்லை. நிற்கிற கோட்டின் தடிமன் நாலு சென்டிமீட்டர். படுத்த கோடும் நாலு சென்டிமீட்டர். இரண்டு பேரும் முற்றத்துக்கு ஓடினார்கள். ஓடியது கொழுந்தியாள்தான், பூட்டுக்காரர் அவசரமாக நடந்தார். அங்கே போன வாரம் அடித்த நல்ல பெட்டிகள் அடுக்கியிருந்தன. நிற்கிற கோடு நாலு. படுத்த கோடு மூன்றரையைத் தாண்டி ஒரு மில்லி. இன்னொரு பெட்டி, அதே. இன்னொன்று, அதே.

எழுத்து அறைக்குத் திரும்பி இதைச் சொன்னதும் எழுத்துக்காரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நெட்டுக்கு நாற்பது மில்லிமீட்டர், படுக்கைக்கு முப்பத்தாறு, அதுதான் அவள் கணக்கு. இரண்டையும் ஒரே தடிமனில் போட்டால் படுத்த கோடுதான் தடியாகத் தெரியும். மனுஷன் கண் அப்படித்தான் படைத்திருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் செதுக்க வேண்டும். எழுத்து வரைகிற எல்லாருக்கும் இது தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. கண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டுமென்றால் அளவில் சமமாக இருக்கக் கூடாது.

இதைச் சொல்லி இங்கே யாரும் சண்டை போட்டதில்லையா என்று பூட்டுக்காரர் கேட்டார். எல்லாரும்தான் போட்டார்கள் என்றாள். பெயிண்டர் பெயிண்ட் ஜாஸ்தி குடிக்கிறது என்றார். லாரிக்காரர் எழுத்து தன்னை முறைக்கிறது என்றார். பரிசோதனையில் மட்டும் தகடு மூன்று முறை திரும்பி வந்தது, படுக்கைக் கோட்டில் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டு, 'நாலு மில்லி பிழை' என்று. கடைசியில் அம்மாவே தலையிட்டு அப்படியே இருக்கட்டும் என்று சொன்ன பிறகுதான் நின்றது.

கொழுந்தியாள் கையைத் தட்டினாள். "ஆள் கிடைச்சாச்சு. தகட்டைத் திருடல, பெட்டியைப் பாத்து அவரே வெட்டியிருக்கார். வெட்டும்போது கை சும்மா இருக்கல, பிழையைத் திருத்திட்டார்."

"கிடைக்கல" என்றார் பூட்டுக்காரர். "தப்பிக்கிறதுக்காக இவளே தப்பா ஒரு தகடு வெட்டினான்னு அம்மா சொல்லுவா. நானே சொல்லுவேன். அந்த ஆள் வாயாலதான் வரணும்."

"கேட்டா சொல்லிடுவாரா?"

"நீ ஒரு காகிதம் எடு. நான் சொல்றதை எழுது. உன் நக்கல் எதையும் நடுவுல சேர்த்துடாத."

மணி நாலு ஐம்பதுக்கு முதலாளியம்மாவின் அறையில் எல்லாரும் இருந்தார்கள். எழுத்துக்காரி சுவரோரம், அவளுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்காரர். பூட்டுக்காரர் மில்லிமீட்டருக்கு நாற்காலி போட்டு, ரொம்ப மரியாதையாகப் பேசினார். அவர் மரியாதையாகப் பேசினால் யாரோ மாட்டப்போகிறார்கள் என்று கொழுந்தியாளுக்குத் தெரியும்.

தான் படிக்காதவன், எழுத்து விஷயம் புரியவில்லை, அளவு தெரிந்த பெரிய மனுஷர் ஒருத்தர் சொன்னால் அதோடு வழக்கை முடித்துவிடலாம் என்றார். இந்தப் பலகையில் இருக்கிறது இந்தப் பிள்ளையின் தகட்டில் அடித்த எழுத்தா, வேறா?

மில்லிமீட்டர் பலகையை ஒரு தரம் பார்த்தார். "அதே எழுத்துதான். சந்தேகமே வேண்டாம்."

எழுத்துக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். முதலாளியம்மா புகார்க் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் பூட்டுக்காரர். "அப்ப இதுல ஒரு கையெழுத்து. ஏம்மா, படி."

கொழுந்தியாள் படித்தாள். "இந்தப் பலகையில் உள்ளது கம்பெனித் தகட்டால் அடித்த எழுத்து. நிற்கும் கோடு நாற்பது மில்லிமீட்டர். படுத்த கோடு முப்பத்தாறு மில்லிமீட்டர். சரிபார்த்தேன்."

மில்லிமீட்டர் பேனாவைத் திறந்தார். நுனி காகிதத்தைத் தொட்டது. நின்றது.

சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்தது. அவர் பேனாவை எடுத்தார், மறுபடி வைத்தார். ஒரு கோடு போட்டால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். அந்தக் கை இருபத்திரண்டு வருஷத்தில் தப்பான அளவுக்குக் கீழே கையெழுத்துப் போட்டதே இல்லை. அதற்கு வழி தெரியவில்லை.

"என்ன சார், மை இல்லையா?" என்றார் பூட்டுக்காரர்.

"இந்த முப்பத்தாறு..." என்றார் மில்லிமீட்டர். "இது சரியில்ல. இதுல படுக்கைக் கோடு நாற்பது."

"அப்படியா. எப்படித் தெரியும்?"

"பாத்தாலே தெரியுதே."

"கண்ணு ஒரு அளவுகோல் இல்லைன்னு மூணு மணிக்கு மேலதான் சொன்னீங்க. டீ கிளாஸை அளந்தீங்க, என் சாவியை அளந்தீங்க. இதை மட்டும் அளக்கலையே சார். வெர்னியர் பையிலேயே இருக்கு."

மில்லிமீட்டரின் கை தன்னால் பைக்குப் போய், வெறுமனே திரும்பி வந்தது.

"ரெண்டும் ஒரே எழுத்துன்னு இப்பதான் சொன்னீங்க" என்றார் பூட்டுக்காரர். "அவ தகட்டுல முப்பத்தாறுன்னு உங்களுக்கு மனப்பாடம், மூணு தரம் திருப்பி அனுப்பினவர் நீங்க. இதுல நாற்பதுன்னு அளக்காமத் தெரியுது. அளந்து வெட்டினவனுக்குத்தான் அளக்காமத் தெரியும்."

முதலாளியம்மா புகார்க் காகிதத்தை ஓரமாகத் தள்ளினாள். மெதுவாகக் கேட்டாள், ஏன் என்று.

மில்லிமீட்டர் ரொம்ப நேரம் மூடியிருந்த குழாய் மாதிரி திறந்துகொண்டார். எதிரிக் கம்பெனிக்காரன் மூன்று மாசமாகக் கூப்பிடுகிறானாம். அச்சைக் கொண்டுவா, உனக்குக் கீழே முப்பது பேர், நீ சொல்கிற அளவுதான் அளவு என்று. "இங்க நான் சொன்னா யாரு கேக்கறாங்க? அந்தப் பொண்ணு நாலு மில்லி தப்பா வரைஞ்சா, அழகா இருக்கு, இருக்கட்டும்னு சொல்றீங்க. கண்ணால பாத்துச் சொல்றீங்க."

அச்சு எங்கே என்று கேட்டாள். வீட்டில், கட்டிலுக்கு அடியில். இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கத்தான் வண்டி வைத்தார். ராத்திரி ஒரு தரம் அளந்து பார்த்ததில் மூன்று இடத்தில் பிழை இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"தப்பான அளவோட எப்படிங்க ஒருத்தருக்குக் கொடுக்கிறது?" என்றார். அதை மனசாரத்தான் சொன்னார். ஒரு பெண்ணையும் கிழவரையும் ஜெயிலுக்கு அனுப்புவதில் மட்டும் அவருக்குப் பிழை எதுவும் தெரியவில்லை. இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பூட்டுக்காரர் யாரையும் நம்பாமல் போனது.

"மூணு இடமா?" என்றாள் முதலாளியம்மா. "எங்கெங்க?"

ஐந்து மணிச் சங்கு ஊதியது. அவள் புகார்க் காகிதத்தில் இரண்டு பேரை அடித்து, ஒரு பேர் எழுதினாள். பிறகு கேட்காரரைக் கூப்பிட்டாள். அவர் தொப்பியோடு இரண்டடி முன்னால் வந்து, மேஜைக்குப் பக்கத்திலிருந்த கோட்டு மாட்டுகிற கம்பத்தைப் பார்த்து நின்றார்.

"இந்தப் பக்கம்" என்றாள் அம்மா. "ரெண்டு வருஷமா எனக்கு வைக்கிற சலாமைத் தண்ணி லாரிக்கும் வைக்கிறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? இவ எழுத்தை முதல்ல கொண்டுவந்தப்பவே, இது யாருக்காகன்னு புரிஞ்சுபோச்சு. நல்லாவும் இருந்துச்சு, விட்டுட்டேன். நாளைக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு வேலைக்கு வாங்க. பெட்டியை இனிமே திறந்து பாத்து விடுங்க. எழுத்து அப்படியே இருக்கட்டும்."

எழுத்துக்காரி அப்போதுதான் அழுதாள். மாமனார் தொப்பியை அவளிடம் நீட்டினார், துடைத்துக்கொள்ள வேறு எதுவும் கையில் இல்லை.

வெளியே வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கோபுரத்தின் மேல் கடப்பாரை எழுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. ஒரு வயசான மனுஷன் சுவரில் அட்டையைப் பார்த்துத் தப்புத் தப்பாகச் சொல்லி வளர்த்த எழுத்து என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

கேட்காரர் அதற்குள் குறுக்கு வழியில் ஓடிவந்து தன் இடத்தில் நின்றுகொண்டார். அவர்கள் நெருங்கியதும் குதிகால் சேர, பெரிய சலாமாக ஒன்று வைத்தார்.

"போயிட்டு வாங்க முதலாளியம்மா."

கொழுந்தியாள் நின்றாள். டேப்பைக் கழுத்தில் சரிசெய்துகொண்டாள். சிக்கனமான குரலில் சொன்னாள்:

"நாளைக்கு எல்லாருக்கும் லீவு."

பக்கத்தில் ஏதோ துருப்பிடித்த பூட்டு திறக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினாள். அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.